நான்கு சுமையாக மலையேறிய உழவு மெஷின்

ஓடி நின்ற எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் தையல்காரம்மா. பிறகு காதில் செருகியிருக்கும் துணியில் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்து, இரும்புப் பட்டையில் கோடு போடுகிறார். "இங்க ஒரு நூல் அளவு தேய்க்கணும்."

பெயர்தான் தையல்காரம்மா. வாழ்நாளில் ஒரு சட்டைகூடத் தைத்ததில்லை. இருபத்திரண்டு வருடம் துணிக் கம்பெனியில் தையல் மெஷின்களைப் பழுது பார்த்தவர். கம்பெனி மூடியபின் வீட்டு முன்னறை பட்டறையாகிவிட்டது. சோபாவில் கியர் பெட்டி உட்கார்ந்திருக்கும். விருந்தாளி நிற்க வேண்டியதுதான். சமையல் முழுக்கக் கணவர் பொறுப்பு. "சோத்துல ஆயில் வாடை வராத வரைக்கும் நமக்கு ஒண்ணும் இல்லைங்க" என்பார் அவர்.

மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள் அவர் ஊரில். ஒவ்வொரு படியும் எட்டடி அகலம், விளிம்பில் கல் சுவர். டிராக்டர் ஏறாது. உச்சியில் இருந்த மூன்று படிகள் ஆறு வருடமாகத் தரிசு. நிலத்துக்காரருக்கு முதுகு வலி. கூலிக்கு அவ்வளவு தூரம் ஏறிவர ஆளும் கிடைக்கவில்லை. பாதை வெட்டி ஏறி, மூன்றையும் இடித்து ஒன்றாக்கிவிடலாம், பிறகு டிராக்டரே உழும் என்று புல்டோசர்காரர் சொல்ல, அவரும் தலையாட்டிவிட்டார்.

தையல்காரம்மா நிலத்துக்காரர் முன்னால் போய் நின்றார். "சுவர இடிச்சா முதல் மழைக்கே மண்ணு பூரா கீழ போயிரும்ணே. சட்டை பத்தலன்னா ஆளையா வெட்டுவாங்க? மெஷின வெட்டுறேன். பத்து நாள் குடுங்க."

கைப்பிடியைப் பிடித்து நடந்தபடி ஓட்டும் ஒரு பழைய உழவு மெஷினை நான்கு சுமையாகப் பிரித்தார். எதுவும் இருபது கிலோவைத் தாண்டாது. போல்ட்டுக்குப் பதில் கையால் செருகும் இரும்பு ஊசிகள். மேலே கொண்டுபோய்ப் பூட்டிய முதல் நாளே மானம் போயிற்று. வெளிப்பக்கம் சரிந்த படியில் மெஷின் சாய்ந்து, பத்தடி நீளச் சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. "நான்தான் சொன்னேனே" என்றார் புல்டோசர்காரர். தையல்காரம்மா இரண்டு நாள் உட்கார்ந்து, சரிந்த கற்களைத் தானே அடுக்கிச் சுவரை எழுப்பினார்.

"சோறு இறங்கல அந்த ரெண்டு நாளும்" என்றார், பார்க்கப் போன என்னிடம். "மூணாவது நாள் காலைல பல்லு விளக்கும்போது தோணுச்சு. ரெண்டு காலும் ஒரே உயரமா இருக்கணும்னு எவன் சொன்னான்?" பள்ளத்துப் பக்கச் சக்கரத்தை மட்டும் தேவைக்கேற்ப இறக்கிக்கொள்ளும்படி செய்தார்.

பத்தாவது நாள் நானும் கூடவே ஏறினேன். ஐந்தே நிமிடத்தில் பூட்டிவிட்டார். மெஷின் சரிவில் நிமிர்ந்து நின்றது. குறுக்கே, சுவரை ஒட்டியே ஓட்டினார். மெஷினின் பற்கள் மண்ணில் நான்கு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. களை புரண்டது, கறுப்பு மண் மேலே வந்தது. சுவரில் ஒரு கல்கூட அசையவில்லை. இரண்டாவது படியில் நிலத்துக்காரரின் மனைவியைக் கூப்பிட்டுக் கைப்பிடியைக் கொடுத்தார். "பயப்படாத, புடிச்சுக்கிட்டு நட. அதுவே போகும்." அந்த அம்மாள் கடைசிவரை ஓட்டிப் போய், திருப்பி, கேட்காமலே இன்னொரு சால் ஓட்டினார். முதுகு வலிக்காரர் சுவரில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மதியத்துக்குள் மூன்று படியும் முடிந்தன. அதுவரை கையைக் கட்டி நின்ற புல்டோசர்காரர் மெல்ல அருகே வந்தார். "அக்கா, இறக்கும்போது நானும் ஒரு கை புடிக்கட்டுமா?"

தையல்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். காலியான தண்ணீர்க் கேனை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு புடவை முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்து, கழற்றிய எஞ்சினைத் தூக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் இறங்கத் தொடங்கினார்.