காற்றுத் துளையில் ஒரு துண்டு

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டபோது ஜெயலீலா கொதிக்கிற நீரில் தேயிலையைப் போட்டுக்கொண்டிருந்தாள். பீப், பீப், பீப், பீப். நான்கு முறை. சிறு இடைவெளி. மறுபடியும் நான்கு.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குளிர்காய எரியும் விறகடுப்பின் நச்சுக் காற்று அறைக்குள் சேர்ந்தால் மட்டுமே அலறும் கருவி அது. அந்த அறையில் அடுப்போரம் படுத்திருந்தவனோ அவளுடைய ஒரே பிள்ளை!

"ஜெஃப்ரின்! மக்களே, எழும்பு!"

இடைக்கதவை உதைத்துத் திறந்து, முன்கதவையும் விரியத் தள்ளி, ஆறடி மகனைத் தோளில் சாய்த்து வெளியே இழுத்து வந்தாள் அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரி. அவள் குடியிருக்கும் படகு கட்டப்பட்டிருந்த அலமீடா மரினாவில் ஜனவரிக் காலை. டாக் நடைமேடையின் பலகைகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தாள். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பெயர், தேதி, ஊர் எல்லாம் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா மக்களே?"

"வேண்டாம்மா. ஐ'ம் ஃபைன். தலைவலிதான், அதுவும் குறையுது."

அவனை வெளியிலேயே போர்வை போர்த்தி உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தாள். கூரையிலிருந்த இரண்டு காற்றுத் துளைகளிலும் ஒவ்வொரு குளியல் துண்டு திணிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இத யாருல அடைச்சது?"

"செம கோல்டுமா. நீங்கதானே சின்ன வயசுல சொல்வீங்க, தலையில பனிக்காத்து படக்கூடாதுன்னு?"

ஆம், அவள்தான். மார்கழி வந்தால் ஜன்னல் இடுக்கெல்லாம் துணி திணித்து, பிள்ளைக்கு மங்கி கேப் மாட்டித் தூங்க வைத்தவள் அவள்தானே! அடுப்பு எரியும் படகில் எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தத் துளை திறந்தே இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவனிடம் சொல்ல மறந்திருந்தாள்.

கணவர் சத்தியசீலன் இறந்து இரண்டு வருடமாக இந்த ஒடுக்கமான நீளப் படகில் அவள் தனியாக இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நர்ஸ் வேலை. மற்ற நாட்களில் விடிந்ததும் சுவரில் வடியும் ஈரத்தைத் துடைப்பாள். மெத்தையை நிமிர்த்தி அடிப்பலகையைக் காய வைப்பாள். வழுக்கும் டாக்கில் வாளியோடு நடந்து சாம்பல் கொட்டி வருவாள். புயல் என்று செய்தி வந்தால் கயிறுகளை இரட்டையாகக் கட்டுவாள்.

அவளைத் தன் வீடு இருக்கும் ரவுண்ட் ராக்குக்குக் கூட்டிப் போகத்தான் ஜெஃப்ரின் வந்திருந்தான். அன்று பதினொரு மணி ஃபிளைட்டுக்கு இரண்டு டிக்கெட். நான்கு நாளாகக் கெஞ்சியும் அவள் பதில் சொல்லவில்லை.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொல்றேன்," என்றான் போர்வைக்குள்ளிருந்து. "இன்னைக்கு நான். நாளைக்கு நீங்கன்னா? யாரும்மா தூக்குவா?"

அவன் குரல் உடைந்தது. அதைக் கேட்ட தாய் மனம் ஆடிப் போயிற்று. போய்விடலாமா? இந்தப் பிள்ளையைவிடவா இந்தப் படகு பெரிது?

"அங்க உங்களுக்குத் தனி ரூம் இருக்கு. சமைக்க வேண்டாம், டிரைவ் பண்ண வேண்டாம். சும்மா இருந்தா போதும்மா."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க அப்பா கடைசி ஒம்பது மாசம் சும்மாதான் கெடந்தாவ, மக்களே. வலியக்கூடத் தாங்குனாவ. சும்மா கெடந்ததத்தான் அவியளால தாங்க முடியல்ல. என் கையப் பிடிச்சிக்கிட்டு, 'லீலா, எனக்கு ஒரு வேல குடு'ன்னு அழுதாவ. நீ அப்போ இங்க இல்ல."

ஜெஃப்ரின் தலை குனிந்தான். அவன் தோள்கள் குலுங்கின. அவள் தடுக்கவில்லை, அழட்டும் என்று விட்டாள்.

"நடக்க முடியாம ஆனா நானே போன் பண்ணுவேன். அப்போ வந்து தூக்கு. இப்போ வேண்டாம்."

"ப்ராமிஸ்?"

"சத்தியம்."

தேநீர் குடித்து முடித்ததும் அவன் பெட்டியை எடுத்தான். வாசலில் திரும்பினான்.

"டெய்லி கால் பண்ணுவேன். எடுக்கணும்."

"வேலைல இருந்தா எடுக்க மாட்டேன்."

அழுத கண்ணோடு சிரித்துவிட்டான். அவன் கால் டாக்குக்கு மாறியதும் படகு லேசாக நிமிர்ந்தது. பெட்டிச் சக்கரத்தின் ஓசை பலகைகளில் தேய்ந்து மறையும்வரை நின்றிருந்தாள். பிறகு உள்ளே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.