ரங்கநாதன் சொன்ன பொய்

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். துக்கம் விசாரிக்க.

இறந்துபோனவர் என் நண்பர் ரங்கநாதன். ஒரே ஆபீஸில் பல வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜை எங்களுக்கு. ரிடையர் ஆன பிறகும் காலை வாக்கிங்கில் பக்கத்துப் பக்கத்தில்தான்.

சர்க்கரைக்காரர்களை இந்தப் பத்தியில் நிறையவே கிண்டல் செய்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் 'ஒண்ணே ஒண்ணு' என்று ஜாங்கிரிக்கு இலையைக் காட்டுகிறவர்கள்... வீட்டில் பாகற்காய், வெளியே பாதாம் அல்வா என்று இரட்டை வாழ்க்கை நடத்துகிறவர்கள்... நீங்களும் படித்துச் சிரித்திருக்கிறீர்கள்.

ரங்கநாதன் அந்த ரகம் இல்லை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு வருடம் முன்னால் ஹார்ட் அட்டாக்கும் வந்து பிழைத்தார். மனைவி அதற்கும் முன்பே போய்விட்டாள். ஒரே பெண் சுதா, பாங்கில் வேலை. அம்மாவைப் பறிகொடுத்தவள், அப்பாவை விடுவாளா? சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அளந்து சாதம். சர்க்கரை இல்லாத காபி. வெளியே எங்கும் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. சர்க்கரைக்கான மாத்திரை காலை எட்டு மணிக்கு.

அத்தனைக்கும் கட்டுப்பட்டார் மனிதர். வாக்கிங் முடிந்து நாங்கள் எல்லோரும் போண்டா சாப்பிடும்போது, எதிரே நின்று எங்களை வேடிக்கை பார்ப்பார்.

"ஒரு வாய் சாப்பிட்டா சுதாவுக்குத் தெரியவா போறது?" என்பேன்.

"அவளுக்குத் தெரியாது. ஆத்துக்குப் போனா அவ மூஞ்சியை நான் பாக்கணுமே" என்பார்.

அவருடைய டாக்டர்கூட ஒருமுறை எச்சரித்தாராம் - "ஹார்ட் பேஷன்ட்டுக்கு சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, ரொம்ப இறங்கினாலும் ஆபத்து. பாக்கெட்டில் ரெண்டு சாக்லேட் வெச்சுக்கோங்க." இதைச் சொல்லிவிட்டு ரங்கநாதன் சிரித்தார். "இந்த வயசுல நானும் சாக்லேட்டும்!"

நானும் சேர்ந்து சிரித்தேன். சர்க்கரை ஏறுவதற்குப் பயப்படத்தான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இறங்குவதற்கு யார் பயந்தார்கள்?

போன மாதம் ஒரு நாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க டி.நகர் லேபுக்குப் போனார். எப்போதும் சுதா கூடப் போவாள். அன்றைக்கு பாங்கில் ஆடிட். கிளம்பும்போது, "மாத்திரையை மட்டும் மறந்துடாதேப்பா" என்று சொல்லி அனுப்பினாள்.

டெஸ்ட் நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு, டிபனோடுதான் மாத்திரை. கூட இருந்தால் அவளே தடுத்திருப்பாள். அவரோ, லேபில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபடியே எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அவர் முறை வர வெகு நேரமாயிற்று. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் எதிரேயே ஓட்டல். இட்லி வாசனை. வெளியில் சாப்பிடக் கூடாதே... பசியோடு மயிலாப்பூர் பஸ் ஏறினார்.

அதற்கப்புறம் நடந்தது, ஆஸ்பத்திரியில் அவரே சொன்னது. "வேர்த்துக் கொட்டித்துடா. கை நடுங்கித்து. கண்டக்டர் டிக்கெட் கேக்கறான், எனக்கு எங்கே போறேன்னு சொல்லத் தெரியலை. நாக்கு குழறறது. என்னமோ கத்தினேன் போலிருக்கு. 'இன்னா பெர்சு, காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா? எறங்கு, எறங்கு'ன்னான். ஒரு சொட்டு தொட்டதில்லையேடா நான்..."

ஆழ்வார்பேட்டையில் இறக்கிவிட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பிலேயே சரிந்து விழுந்தார். வேட்டி விலகி, சட்டை நனைந்து கிடந்த கிழவரைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் ஆபீஸுக்குப் போனார்கள். நீங்களும் நானும் மட்டும் என்ன செய்திருப்போம்?

கடைசியில் சுதாவோடு வேலை பார்க்கும் கீதா அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்தாள். அவளும் முதலில் தாண்டித்தான் போனாளாம். ஏதோ உறுத்தி, திரும்பி வந்து முகத்தைப் பார்த்திருக்கிறாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரி. சர்க்கரை அடியோடு இறங்கியிருந்ததாம். குளுக்கோஸ் ஏறியதும் கண்ணைத் திறந்தார். ஆனால் ஏற்கெனவே அடிபட்ட இதயம் - மறுபடியும் அடி வாங்கியிருந்தது. சில நாள் இருந்தார். போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுதா எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

"எல்லாரும் அவா அப்பா திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிடறார்னு புலம்பறா, மாமா. எங்கப்பா ஒரு நாளாவது என்னை ஏமாத்தியிருக்கக் கூடாதா? அந்த ஓட்டல்ல ரெண்டு இட்லி சாப்பிட்டிருந்தா..."

"உன் மேல தப்பு இல்லம்மா. மறதியா ரெண்டு மாத்திரை போட்டுண்டுட்டதா அவனே என்கிட்ட சொன்னானே" என்றேன்.

"என்கிட்டயும் அதேதான் சொன்னார். 'நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. நான்தான் மறந்துபோய் ரெண்டு முழுங்கிட்டேன்'னு." மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "மாத்திரையை எண்ணி வெக்கறது நான்தானே, மாமா. கணக்குக்கு மேல ஒண்ணுகூடக் குறையலை. எனக்காகப் பொய் சொன்னார். அதையும் அவருக்குச் சரியாச் சொல்லத் தெரியலை."

"நீ என்னம்மா சொன்னே?"

"என்ன சொல்றது... 'ஏம்பா, கவனமா இருக்கக் கூடாதா'ன்னு கோச்சுண்டேன். நம்பிட்டேன்னு நெனச்சுண்டார். அன்னிக்கு ராத்திரி நன்னாத் தூங்கினார்."

அப்பாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.