ஒரே மாதிரி இரண்டு துறப்பணங்கள்

பிற்பகல் இரண்டு பத்துக்குத் தாழ்ப்பாளின் குமிழ் என் மூத்த மகளின் கையோடு கழன்று வந்தது. அன்று அவளுக்குக் கல்யாணம். நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றரை மணியளவில் அசர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூறைச் சேலையோடு வருவார்கள் என்பதால், காலையிலிருந்தே நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். மகள் குளித்துவிட்டுப் புது அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டிருந்தாள். உடுத்து முடித்துத் திறக்கப் பார்த்தால் தாழ்ப்பாள் அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்ததில் குமிழ் மட்டும் வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடில்லாத பெண்ணை எவரும் கேட்டு வருவதில்லை. தபால் கந்தோரில் வேலை பார்க்கும் நான் சாய்ந்தமருதில் அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. அதில் ஒன்றையாவது குறைவில்லாமல் செய்ய வேண்டுமென்று நினைத்தேன். அது மணமக்களின் அறைக் கதவு. நல்ல கடினமான முதிரை மரம். வீடு பார்க்க வரும் பெண்கள் சுவரைப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் அந்தக் கதவைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். பிறகு அவர்கள் ஊரில் போய்ச் சொல்வது அதைப் பற்றித்தான்.

அதனால் கல்யாணத்துக்கு முதல்நாள் எல்லாரும் செய்வதைப்போல நாங்களும் கதவுக்கு வார்னிஷ் பூசுவித்தோம். பூசியவர் மரத்தோடு இரும்பையும் விடவில்லை. தாழ்ப்பாள், அதன் குழல், திருகாணித் தலைகள் எல்லாம் பளபளத்தன. கடல் காற்றில் எதுவும் சரியாகக் காயவில்லை. மூடியிருந்த சற்று நேரத்துக்குள் தாழ்ப்பாள் குழலோடு ஒட்டிப்போயிற்று.

அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு, கம்பி போட்டது. அதன் வழியாக என் மனைவி குறட்டைக் கொடுத்தாள், வழுக்கியது. திருகுளியைக் கொடுத்தாள், வார்னிஷ் அடைத்த ஆணித் தலைகளில் பிடிக்க இடமில்லை. சுத்தியலைக் கொடுத்தாள். மகள் தட்டியதில் தாழ்ப்பாள் கோணி இன்னும் இறுகியது.

"கதவ ஒடைப்பமா மச்சான்?" என்று என் மனைவியின் தம்பி கேட்டான்.

நான் அவனைப் பார்த்த பார்வையில் அவனே பேச்சை மாற்றினான். "சரி, ஒடைக்க வேணாம். தாழ்ப்பாளுக்கு நேர வெளியால ஒரு ஓட்டை போடுவம். கம்பி ஒண்ட உட்டு அடிச்சா தாழ்ப்பாள் தகட்டோட உள்ளுக்க கழண்டு உழும். பொறகு ஓட்டைய மக்குப் போட்டு மூடினாச் சரி, ஒருத்தருக்கும் தெரியா."

சரியான யோசனைதான். ஆனால் கதவு செய்த ஓடாவியார் தன் சாமான் பெட்டியோடு அட்டாளைச்சேனைக்கு வேலைக்குப் போயிருந்தார். நானும் மைத்துனனும் ஒரே சைக்கிளில் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனோம்.

இரும்புக்கடை முதலாளி கையால் சுழற்றித் துளை போடும் துறப்பணங்கள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் சீமைச் சாமான். இரண்டுக்கும் மரப்பிடி, சிவப்பு வண்ணம் பூசிய பல்சக்கரம், துளைக்கும் அலகைக் கவ்வ மூன்று தாடை. ஒன்றின் தண்டு மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம். நீளமானது இலேசாகச் சுழன்றது. குட்டையானது கொஞ்சம் இறுக்கமாகச் சுழன்றது. வேறு வித்தியாசம் என் கண்ணுக்குப் படவில்லை.

"இதுல எது நல்லம்?" என்றேன்.

"ரெண்டும் ஒரு தாய்ட புள்ளயள்தான், கிளாக்கர். எத எடுத்தாலும் துளைக்கும்."

"அப்ப ஏன் ரெண்டு?"

"எடுக்கிற ஆக்களுக்குப் பைத்தியம் புடிக்கத்தான்," என்று சொல்லிவிட்டு அவர் வேறு ஒருவருக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டார்.

நான் இரண்டையும் மாறி மாறிச் சுழற்றினேன். இலேசாகச் சுழல்வது நல்ல வேலைப்பாடா, அல்லது பல் தேய்ந்ததா? இறுக்கமானது உறுதியானதா, அல்லது துருப்பிடித்ததா? ஒரு துண்டுப் பலகையில் இரண்டாலும் துளைத்துப் பார்த்தேன். அது மென்மையான பெட்டிப் பலகை, இரண்டும் வெண்ணெயில் போவதுபோலப் போயின. முதிரையில் எப்படிப் போகுமென்று அங்கே யாரிடம் கேட்பது? கடைசியில் சக்கரத்தின் பற்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

"பல்லப் பாத்து வாங்க இது மாடா கிளாக்கர்?" என்றார் முதலாளி.

ஆணி வாங்க வந்தவர் கேட்காமலே சொன்னார்: "இறுக்கமாச் சுத்துறதுதான் சாமான். லேசாச் சுத்துறது கெதியா ஆடத் தொடங்கிடும்."

"அவர் வண்டில் சில்லுக்கு ஆணி வாங்க வந்தவர், அவர்ட கதையக் கேளாதீங்க," என்றார் முதலாளி. "லேசாச் சுத்துறதுதான் கைக்குச் சொகம்."

மைத்துனன் வாசலில் நின்று வெயிலைப் பார்த்தான். "மச்சான், மாப்புள எடுக்கக்குள்ளயும் இப்புடித்தான் நிண்டீங்களா?"

"அதுக்கு இதவிடக் கூட நிண்ட," என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

எனக்கு அங்கேயே ஒரு சாக்கு மூட்டையின்மேல் உட்கார வேண்டும்போல இருந்தது. வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து இதே வேலைதான். ஒரே மாதிரி இரண்டு ஓடு, ஒரே மாதிரி இரண்டு மேசன்மார், ஒரே மாதிரி இரண்டு நல்ல குடும்பங்கள். எதை எடுத்தாலும் மற்றது இரவில் வந்து தலைமாட்டில் நிற்கும். பிள்ளை உள்ளே அடைபட்டிருக்கிறாள். நான் இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவில் நிற்கிறேன். அசருக்கு இன்னும் அதிக நேரமில்லை. இறுக்கமானதை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பிஸ்மி சொல்லி அலகைக் கதவில் வைத்தேன். முதல் சுற்றிலேயே சக்கரத்தைச் சுழற்றும் கைப்பிடி நிலைச்சட்டத்தில் மோதி நின்றது.

தாழ்ப்பாள் கதவின் ஓரத்தில் இருந்தது. நிலை கதவைவிட வெளியே தள்ளி நின்றது. சக்கரம் முழுச் சுற்றுச் சுற்ற இடம் வேண்டுமானால் அது நிலைக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்குத் தண்டு ஒரு விரற்கடை நீளமாக இருந்திருக்க வேண்டும். கடையில் நான் பிடியைப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன், வண்ணத்தைக்கூடப் பார்த்தேன்.

"மற்றத எடுத்திருக்கலாம்," என்றான் மைத்துனன்.

"வாய மூடு."

"போய் மாத்திட்டு வரட்டா?"

பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். போய்வர நேரமில்லை. முழுச் சுற்று வராவிட்டால் அரைச் சுற்று. முன்னே பாதி, பின்னே பாதி, மறுபடி முன்னே பாதி. அலகு கொறித்துக் கொறித்து மாவாய் மரத்தைத் தள்ளியது. வார்னிஷ் கையெல்லாம் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு மரத்துப்போய் யாருடையதோ கைபோல இருந்தது.

"வாப்பா," என்றாள் மகள் உள்ளிருந்து.

"என்ன மளே?"

"தொறக்காட்டிப் பரவாயில்ல. நான் இஞ்சால இரிக்கன், மாப்புளய அங்கால இரிக்கச் சொல்லுங்க."

சிரிப்பென்று தொடங்கிய குரல் முடியும்போது அழுகையாக இருந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து என் மனைவி கத்தினாள்: "இஞ்சேருங்க, புள்ள நெலத்துல குந்திட்டா! கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குறா இல்ல!"

நான் அழுத்தினேன். இன்னும் பலமாக அழுத்தினேன். அலகு சட்டென்று முறிந்தது. பாதி என் கையில், பாதி முதிரைக்குள். துளையும் இல்லை, கதவும் பழைய கதவாக இல்லை. அதன்மேல் நெற்றியை வைத்து நின்றேன். இதை எழுதும்போதுகூட நெற்றியில் அந்த வார்னிஷ் பிசுபிசுப்பது போலிருக்கிறது.

வாசல் கடப்படியில் பெண்களின் குரவை கேட்டது. வந்துவிட்டார்கள். மைத்துனன் ஒரு பாயை எடுத்துக் கதவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தான். அது எதை மறைக்குமென்று அவன் நினைத்தானோ தெரியாது.

முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் உம்மா. முன்பு ஒரே ஒரு தடவைதான் அவரிடம் பேசியிருந்தேன், அதுவும் ஒரு திரைக்கு இப்பாலிருந்து. அவர் பாயை விலக்கினார். முறிந்த அலகைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தரையில் கிடந்த மரமாவைப் பார்த்தார். நான் வார்னிஷைப் பற்றியும் தண்டின் நீளத்தைப் பற்றியும் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. கதவில் காதை வைத்தார்.

"மளே, நான் மாமி. ஓரமாத் தள்ளி நில்லு."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. என் மகள் எழுந்து நகர்ந்திருக்க வேண்டும். அவர் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, அண்ணன் முறை வைத்து அழைத்தார்.

"காக்கா, நாங்க புள்ளயப் பாக்க வந்த, கதவப் பாக்க வரல்ல. ஒடைங்க."