டீசல் குறையுது, ஆயில் ஏறுது

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு ஜோக் வரும். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸிடம் ஜோக் சொல்லியிருக்கிறேன், மாமனார் வீட்டு சாவில் ஜோக் சொல்லிப் பத்து நாள் வீட்டில் ஒழுங்காகச் சோறு கிடைக்காமல் இருந்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒரு வியாதி என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் போன வருஷம் என் வண்டியின் இன்ஜின் தடுமாறி மிஸ் அடித்த அந்தப் பத்து நாட்களைப் பற்றித்தான்.

வண்டி என்றால் சின்ன லாரி. அப்பா வேலை பார்த்த அதே மின்னணுத் தொழிற்சாலையில் நானும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, வீடு மாற்றுபவர்களின் சாமான் ஏற்றுவதற்கென்று வாங்கியது. சிகந்திராபாத்தை அடுத்த சைனிக்புரியிலிருந்து மாற்றலாகிப் போகிறவர்கள், அங்கே வந்து சேர்கிறவர்கள், இவர்களுடைய பீரோவும் வாஷிங் மெஷினும்தான் எங்கள் பிழைப்பு. எங்கள் என்று சொன்னது என்னையும் டிரைவரையும். மெட்டுகுடாக்காரர். அவருடைய தாத்தா காலத்திலேயே சிகந்திராபாத் ரயில்வேக்கு வந்த குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணே என்பேன். முதலாளி என்பதால் அவர் என்னை சார் என்பார். பதினோரு வருஷமாக இருவரும் இதில் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, மேம்பாலம் ஏறும்போது வண்டி தும்மியது. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். இன்ஜின் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததை அடித்தது. சீட் குலுங்கியது, கண்ணாடியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் ஆடியது. நான் என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். கோளாறு வண்டியில்தான் என்று தெரிந்ததும் முதலில் நிம்மதி வந்தது, பிறகு அதைவிடப் பெரிய பயம் வந்தது. எனக்கு இன்சூரன்ஸ் இருந்தது. இன்ஜினுக்கு இல்லை.

"ஒரு சிலிண்டர் சரியா அடிக்கல சார்," என்றார் டிரைவர். "மெக்கானிக்கண்ட காட்டிடலாம்."

"அடுத்த வாரம் பார்ப்போம் அண்ணே. ஜலதோஷமா இருக்கும்."

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து போனில் இன்ஜின் வீடியோக்களாகப் பார்த்தேன். ஏழாவது வீடியோவில் இன்ஜின் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதை அணைத்துவிட்டு மனைவியிடம், நம் வண்டி சாகப்போகிறது, கண் தானம் மட்டும் கொடுத்துவிடலாம், ஹெட்லைட் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. "டிரைவர் என்ன சொல்றார்? அதக் கேளுங்க முதல்ல," என்றாள்.

கேட்கவில்லை. அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. வழக்கமாகத் திங்களன்று நிரப்பினால் சனிக்கிழமை வரை வருகிற டீசல் வியாழக்கிழமையே மீட்டர் முள்ளைக் கீழே இறக்கிவிட்டது. ஓட்டம் அதேதான், சுமை அதேதான். ராத்திரி படுத்தால், முள் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஏ.எஸ்.ராவ் நகரில் வண்டிகள் நிற்கும் இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஐந்தாறு டிரைவர்கள், இரண்டு முதலாளிகள், டீக்கடைக்காரர். அங்கே எனக்கு ஒரு பெயர் உண்டு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பாதிப் பேர் சிரிக்கத் தயாராக இருப்பார்கள். அந்த நேரத்தில் என் டிரைவர் ஆயில் அளக்கும் கம்பியைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், ஆயில் ஏறுது."

"என்ன ஏறுது?"

"இன்ஜின் ஆயில். மேல் கோட்டையும் தாண்டி நிக்குது. நான் ஊத்தவே இல்ல. தானா ஏறுது."

ஆயில் குறையும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏறும் என்று கேட்டதில்லை. புரியாத ஒன்று, அதுவும் வண்டியில், அதுவும் அந்த வாரத்தில். உடனே என் வாய் தன் வேலையை ஆரம்பித்தது.

"அண்ணே, நம்ம வண்டியில எண்ணெய்க் கிணறு வந்திருக்கு. அரபு நாட்டுக்குச் சொல்லி அனுப்புங்க."

சிரிப்பு. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். கூட்டம் சிரித்தால் நான் நிறுத்துவதில்லை.

"டீசல் குறையுது, ஆயில் ஏறுது. நடுவுல மெட்டுகுடாவுல உங்க வீட்டுல எத்தனை கேன் ஏறுது அண்ணே?"

டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஒருவர் என் தோளில் தட்டினார். டிரைவர் கையிலிருந்த கம்பியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த கம்பி. வண்டிக்குப் போய் அதை அதன் இடத்தில் செருகிவிட்டுத் திரும்பி வந்து, மிச்ச டீயைக் குடித்து முடித்தார். பிஸ்கட் ஜாடி மூடியின் மேல் சாவியை வைத்தார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். எல்லோரும் அதையும் ஜோக்கின் கடைசிப் பகுதி என்றுதான் நினைத்தார்கள். நானும் பத்து நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு லோடு ஒப்புக்கொண்டிருந்ததால் நானே ஓட்டினேன். சைனிக்புரி தாண்டி ஒரு ஏற்றத்தில், ஓய்வுபெற்ற ஒரு ராணுவக்காரரின் சோபாவையும் துளசித் தொட்டியையும் சுமந்தபடி, வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கி நின்றது. நான் இறங்கி ஓடினேன். எங்கே ஓடினேன் என்று இன்றும் தெரியாது. நாற்பது அடி ஓடிய பிறகுதான் ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று சந்தேகம் வந்து திரும்பி ஓடினேன். பின்னால் காரில் வந்த ராணுவக்காரர் இரண்டு ஓட்டத்தையும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பார்த்தார்.

சாமானை வேறு வண்டியில் மாற்றி அனுப்பிவிட்டு, என் வண்டியை மௌலாலிப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் அதிகம் பேசாதவர். கோளாறு சொல்லும் சின்னப் பெட்டி ஒன்றை வண்டியில் மாட்டிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டர் என்றது பெட்டி. அதை மட்டும் நம்பி அவர் விட்டுவிடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதலாவதைக் கழற்றியதும் இன்ஜின் தடுமாறியது. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தது. மூன்றாவதின் இன்ஜெக்டரை இரண்டாவதில் போட்டுப் பார்த்தார். கோளாறும் கூடவே இரண்டாவதற்குப் போயிற்று. ஆக, சிலிண்டரில் தப்பில்லை, இன்ஜெக்டரில்தான்.

பிறகு ஆயில் கம்பியை உருவி என் மூக்கருகே நீட்டினார். ஆயில் தண்ணீர் மாதிரி ஓடியது. பங்க்கில் நிற்பதுபோல் டீசல் வாசனை.

இன்ஜெக்டரின் முனை மூடவில்லை, என்று இந்த ஊர் உருதுவான தக்கினியில் விளக்கினார். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஒழுகிக் கீழே ஆயிலோடு கலந்துவிட்டது. அதனால்தான் டீசல் குறைகிறது, ஆயில் ஏறுகிறது.

என்னுடைய வாக்கியம். மொழி மட்டும் வேறு, நான் சொன்ன அதே வாக்கியம். நோயை நானே சரியாகச் சொல்லிவிட்டு, சிரிப்பு வந்ததால் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் இன்ஜினே போயிருக்கும், முதலில் பார்த்தவனுக்கு டீ வாங்கிக் கொடு என்றார் மெக்கானிக்.

மெட்டுகுடாவுக்குப் போனேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் தாண்டி ஒரு சந்து. டிரைவர் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டார், நாற்காலி போட்டார். நான் ஒரு ஜோக்கும் இல்லாமல் முழுவதையும் சொன்னேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. நீங்கள் டீசல் எடுக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று முடித்தேன்.

அவர் கொஞ்ச நேரம் தன் விரல்களைத் துடைத்தார்.

"நான் எடுக்கலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சார். அத என்கிட்ட சொல்ல கைக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?" ஏன் என்பதற்கு தக்கினியில் கைக்கு.

யாரிடம் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில டீக்கடைக்கு வாங்க அண்ணே. எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"ஹவ் சார்," என்று தலையாட்டினார். "வரேன்."

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. புது இன்ஜெக்டர் போட்ட வண்டி சீராக ஓடிக்கொண்டு நின்றது. மெக்கானிக் வடித்த பழைய ஆயிலை சாட்சிக்காக ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தேன். அதே டிரைவர்கள், அதே டீக்கடைக்காரர். நான் பாட்டிலைத் தூக்கியதுமே ஒருவர் சிரித்தார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு," என்றேன். "நான் சொல்றத கேளுங்க. டீசல் குறைஞ்சது, ஆயில் ஏறினது..."

அதற்கு மேல் விடவில்லை. டீக்கடையே அதிர்ந்தது. "சார், அந்தக் கேன கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார் ஒருவர். "பாட்டில்ல ஊத்திக் கொண்டாந்திருக்காரு பாரு," என்றார் இன்னொருவர். இல்லை, நிஜமாகச் சொல்கிறேன் என்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நிஜமாகச் சொல்கிறேன் என்பது என் பழைய ஜோக்குகளில் பலவற்றின் ஆரம்பம்.

அப்போது நடந்த ஒன்றைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. கூட்டம் சிரித்ததும் என் முகமும் சிரித்தது. நான் சிரிக்க நினைக்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம், உதடு தானாக விரிந்தது. டிரைவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வண்டிக்கு அருகே போய்க் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். நான் சாவியை நீட்டினேன்.

"நக்கோ சார்," என்றார் மெதுவாக. வேண்டாம் என்பதை அதற்கு மேல் மெதுவாகச் சொல்ல முடியாது. "மூணாவது நல்லா அடிக்குது. ஆயில் மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சு அண்ணே."

"கொஞ்ச நாள் ஓட்டிட்டு இன்னொரு வாட்டி மாத்துங்க. பழசு உள்ள கொஞ்சம் நின்னிருக்கும்."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். இந்தமுறை அது ஜோக்கின் கடைசிப் பகுதி இல்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

இப்போது வண்டியை நானே ஓட்டுகிறேன். சொன்னபடி ஆயிலை இரண்டாவது முறையும் மாற்றிவிட்டேன். தினமும் காலையில் டீக்கு முன்னால் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறது.

"ஆயில் ஏறிச்சா சார்?" என்று கேட்கிறார்கள் டீக்கடையில்.

இல்லை என்று சொல்கிறேன். அதற்கும் சிரிக்கிறார்கள்.