அரைக்குக் குறைவான வண்டி

அம்மா போன மாதம் இறந்தாள். தூக்கத்தில். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டாள் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கொஞ்சம் தொந்தரவு கொடுத்திருக்கலாம்.

அவள் மாநிலத் திட்டத் துறையில், பங்கீட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். மத்திய அரசு மாநிலத்துக்கு என்று ஒதுக்குவதை மாவட்டவாரியாகப் பிரிப்பது அந்தப் பிரிவின் வேலை. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி, பள்ளிக்கூட மேசை, தண்ணீர்த் தொட்டி, ஆம்புலன்ஸ். செய்தித்தாளில் வருவது இதன் முதல் பாதி மட்டும்: மத்திய அரசு கொடுத்தது, கொடுக்கவில்லை, போதாது என்ற சண்டை. கொடுத்தது மாநிலத்துக்குள் வந்த பிறகு எங்கே போகிறது என்பது மூன்றாம் மாடியில், கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே, நான்கு மேசைகளில் முடிவாகும். அங்கே எந்த நிருபரும் வந்ததில்லை. மாடி ஏற வேண்டும், லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். அம்மாவின் வேலை என்னவென்று யாராவது கேட்டால், “ஊருக்கெல்லாம் பங்கு போடறா. எனக்குப் போர்வையில பாதிகூட வர்றதில்ல” என்பார்.

பிரிக்கும் முறை எளியது. இந்த வருடம் உங்கள் மாநிலத்துக்கு இத்தனை ஆம்புலன்ஸ் என்று மேலிருந்து கடிதம் வரும். பிரிவில் மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கு போடுவார்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பென்சிலால் சரிபார்ப்பார். பங்கு முழு எண்ணாக வராது. ஒரு மாவட்டத்துக்கு இரண்டே முக்கால் வரும், இன்னொன்றுக்கு ஒன்றே கால் வரும். முக்கால் ஆம்புலன்ஸை ஓட்ட முடியாது. ஆகவே அரையும் அதற்கு மேலும் இருந்தால் ஒன்றாக ஏற்று, அரைக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு என்பது விதி. எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு வண்டி மிஞ்சும். மிஞ்சியதைத் தலைநகர மாவட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். அது விதி இல்லை, பிரிவின் பழக்கம். தலைநகரம் பெரியது. ஒன்று கூடினாலும் அங்கே யார் கண்ணிலும் படாது.

வடக்கு மூலையில் இருந்த மலை மாவட்டத்துக்கு ஒவ்வொரு வருடமும் அரைக்குக் கீழேதான் வந்தது. மக்கள் குறைவு, தூரம் அதிகம். தூரத்துக்கு அட்டவணையில் இடம் இல்லை. ஆகவே ஒவ்வொரு வருடமும் பூஜ்யம்.

சித்தி அந்த மாவட்டத்தில் இருந்தாள்.

சித்தி அம்மாவைவிடப் பத்து வயது இளையவள். அம்மாவின் இடுப்பில் வளர்ந்தவள். சித்தப்பா மின்வாரியத்தில் லைன்மேன், மலைக்கு மாற்றலாகிப் போனார். முதல் பிரசவத்தில் வலி கண்டபோது கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்க வண்டி கிடைக்கவில்லை. மூட்டை ஏற்றும் ஜீப் ஒன்றைப் பிடித்தார்கள். குழந்தை பாதி வழியில் பிறந்தது, பாதி வழியிலேயே இறந்தது. இரண்டு வருடம் கழித்துச் சித்தி மறுபடி உண்டானாள். மூன்றாம் மாதம் அம்மாவுக்குப் போன் செய்தாள். நலம் விசாரித்து முடிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, ஆம்புலன்ஸ் பிரிக்கறது நீதானே? எங்க பக்கம் ஒண்ணைத் தள்ளக் கூடாதா?”

“நான் பிரிக்கலடி. கணக்கு பிரிக்குது.”

“அப்போ அந்தக் கணக்கைக் கூப்பிடு. போனை அதுகிட்ட குடு, நான் பேசிக்கறேன்.”

அம்மா சிரித்துவிட்டாள். போனை வைத்த பிறகு முகம் மாறிவிட்டது. அடுப்பில் டீ பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் போய் அணைத்தேன்.

எங்கள் தெருமுனையில் அரசு ஆஸ்பத்திரி. அதன் வாசலில் எந்நேரமும் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் நிழலில் சீட்டு ஆடுவார்கள். மறுநாள் காலை அம்மாவும் நானும் பஸ்ஸுக்கு அந்த வழியாக நடந்தோம். அம்மா நின்று, கடைசி வண்டியைக் காட்டினாள்.

“அதுல பாதி உன் சித்தியோடது” என்றாள்.

நான் அப்போது பொறியியல் முதலாம் ஆண்டு. அம்மா பஸ்ஸில் விளக்கினாள். விட்டுவிட்ட பின்னம் காற்றில் கரைவதில்லை. எல்லா மாவட்டங்களிலும் விட்டது சேர்ந்துதான் கடைசியில் மிஞ்சும் வண்டியாகிறது, அது தலைநகரத்துக்கு வருகிறது. விட்டதை அப்படியே மறக்காமல் அடுத்த வருடப் பங்கோடு கூட்டினால் என்ன? இந்த வருடம் அரைக்குக் குறைவு, அடுத்த வருடமும் குறைவு, ஆனால் சேர்ந்தால் ஒன்றை நெருங்கும். இதற்கு என் பாடப் புத்தகத்தில் ஏதாவது பெயர் உண்டா என்று கேட்டாள். தேடிப் பார்த்து, உண்டு என்றேன்.

“பேரே இருக்கா? அப்போ எவனோ நமக்கு முன்னாடி இதுல மாட்டி முழிச்சிருக்கான்” என்றாள். அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

நான் இப்போது மின்பகிர்மானத்தில் இருக்கிறேன். எங்கள் வேலையில் கணக்கில் விட்டது கம்பியில் சூடாகத் தெரியும். அம்மாவின் வேலையில் தெரியாது. அது மலைச் சாலையில் ஏதோ ஒரு வளைவில் நடந்து முடிந்துவிடும்.

அவள் துணைச் செயலருக்குக் குறிப்பு எழுதினாள். முதல் வரியிலேயே, இந்த மாற்றத்தால் பயன்பெறக்கூடிய மலை மாவட்டத்தில் என் தங்கை வசிக்கிறாள், கர்ப்பிணியாக இருக்கிறாள் என்று எழுதிவிட்டாள். துணைச் செயலர் நல்ல மனிதர், வம்புக்கு அஞ்சுபவர். யோசனை சரி, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அம்மா எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முகத்தை அவளே பார்க்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னாளாம். அதற்கு அப்பா, கண்ணாடியை நான் கழற்றி வைத்துவிடுகிறேன் என்றாராம்.

துணைச் செயலர் கோப்பை அம்மாவிடமிருந்து எடுத்துப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தார். அவருக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். கடிதத்தின் பின்பக்கத்தையும் படிப்பவர். கூடவே ஒரு நிபந்தனை: தலைநகரத்திலிருந்து ஒரேயடியாகப் பிடுங்கினால் கூச்சல் எழும், இந்த வருடம் ஒரே ஒரு வண்டி, மற்றது அடுத்த வருடத்திலிருந்து.

ஒரு வண்டி. அதற்குத் தகுதியாக இரண்டு மாவட்டங்கள் வந்தன. ஒன்று மலை. இன்னொன்று தெற்கே ஒரு கடற்கரை மாவட்டம், அதுவும் வருடா வருடம் பூஜ்யம் வாங்கியது.

அடுத்து நடந்ததை முழுதாகப் பூதக்கண்ணாடி போன மாதம் துக்கம் கேட்க வந்தபோதுதான் சொன்னார். இப்போது நிஜமாகவே தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னார்.

பின்னங்களை எந்த வருடத்திலிருந்து கூட்டுவது என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஆம்புலன்ஸ் திட்டம் தொடங்கி ஆறு வருடம். மலை மாவட்டம் பெரிய மாவட்டம் ஒன்றிலிருந்து தனியாகப் பிரிந்து மூன்று வருடம். திட்டம் தொடங்கியதிலிருந்து கூட்டினால் கடற்கரை முந்தும். இன்றைய மாவட்ட எல்லைகள் வந்ததிலிருந்து கூட்டினால், வருடப் பின்னம் சற்றுப் பெரியது என்பதால், மலை முந்தும். இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். எதை எடுத்தாலும் தணிக்கைக்காரர் கேள்வி கேட்க மாட்டார். பூதக்கண்ணாடி இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு அம்மாவின் மேசைக்குப் போனார்.

“எந்த வருஷத்துலேருந்து எடுக்கட்டும் மேடம்?” என்று கேட்டாராம்.

“கோப்பு உங்க கையில இருக்கு. என்னை ஏன் கேக்கறீங்க?”

“கேக்கணும்னு தோணுச்சு.”

“ரெண்டையும் போட்டுப் பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு. அதனாலதான் கேக்கறேன்.”

அம்மா புரிந்துகொண்டாள். அவர் பரிவோடு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தட்டச்சு இயந்திரத்தின் மூடியை எடுத்தாள், திரும்பப் போட்டாள். எனக்கு அங்கே தங்கச்சி இல்லையென்றால் எதை எடுப்போமோ அதை எடுங்கள் என்றாள். அப்படியானால் திட்டம் தொடங்கியதிலிருந்து என்று அவர் சொன்னார். அம்மா தலையாட்டினாள். பிறகு கழுவும் இடத்துக்குப் போய் நெடுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாளாம்.

வண்டி கடற்கரைக்குப் போயிற்று.

அம்மா இருந்த விடுப்பையெல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்ச் சித்தியை ஏழாம் மாதமே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். இரண்டு பஸ், ஒரு ரயில். வழி நெடுக ஒரு தலையணையை மடியில் வைத்திருந்தாள். என் அறை சித்திக்குப் போனது. நான் கூடத்தில் படுத்தேன். அப்பா, “இந்த வீட்டுலயும் பங்கீடு ஆரம்பிச்சாச்சு, இனி எனக்கு வாசப்படிதான்” என்றார்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா சித்தியின் வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, வண்டி ஏன் தெற்கே போனது என்பதைச் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். சித்திக்குத் தெரியவே வந்திருக்காது. சித்தி காலை இழுத்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை. மூணு வருஷம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்களுக்கு வந்திருக்கும். அந்த ஜீப்புல நான் எப்படிப் போனேன்னு உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும். அதனாலதான் உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன். கடற்கரையில இருக்கறவளுக்கு இங்க அக்கா இல்லடி.”

“மலையில எல்லாருக்கும் இருக்காங்களா? எங்க பக்கத்து வீட்டுக்காரிக்கு எட்டு மாசம். அவளுக்கு எந்த அக்கா?”

அம்மா கையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருஷம் வந்துரும் என்று மெதுவாகச் சொன்னாள். குழந்தைங்க அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்காது என்று சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க இருவரும் என் வழியாகப் பேசினார்கள். உன் சித்தி மாத்திரை போட்டாளா என்று கேள். உன் அம்மாகிட்ட போட்டாச்சுன்னு சொல். இருவரும் ஒரே அறையில் இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி நல்லபடியாகப் பெற்றாள் என்று சித்தப்பா போன் செய்த அன்றுதான் சித்தி எழுந்து வந்து, அம்மாவின் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்றாள். அம்மா தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அதோடு சமாதானம். ஆனாலும் அம்மா செய்தது சரி என்று சித்தி ஒருபோதும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. தெருமுனை ஆஸ்பத்திரி. வலி கண்டதும் சித்தி நடந்தே போனாள், அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும். வாசலில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த டிரைவர்கள் எழுந்து வழி விட்டார்கள்.

அடுத்த வருடம் மலைக்கு வண்டி வந்தது. சித்தப்பா போனில் வண்டியின் நிறத்திலிருந்து டயர் வரை சொன்னார். அம்மாவுக்கு அது போதவில்லை. விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்து, பையை வைத்து, குழந்தையைக் கொஞ்சி முடித்ததும், ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்றாள். இவ தங்கச்சியைப் பார்க்க வரலை, வண்டியைப் பார்க்க வந்திருக்கா என்று சித்தி வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. சக்கரத்தில் சேறு. அம்மா அந்தச் சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். டிரைவர், நீங்கள் யார் என்று கேட்டார். தங்கச்சி இந்த ஊரில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள். உள்ளே ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் பின்கதவைத் திறந்துவிட்டார். அம்மா ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, ஸ்ட்ரெச்சரில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னக்கா பண்றே?”

“வளைவுல திரும்பும்போது தலை முட்டுமான்னு பார்க்கறேன்.”

“முட்டுதா?”

“இல்ல.”

ஆனால் எழுந்திருக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. சித்தி அதைப் பார்த்தாள். மேலே ஏறினாள். குழந்தையை அம்மாவின் மார்பில் கிடத்திவிட்டு, பக்கத்தில் இருந்த குட்டி இருக்கையில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழைப்பு வந்தால் மட்டும் இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போனார்.

அழைப்பு வரவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.