டுரியானை விட்ட வருடம்

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். தே தாரிக் டீ குடித்தால் எரிந்தது. உடைந்த பல் குத்துகிறது என்று நானே முடிவு செய்து, இரண்டு மாதம் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். உங்களுக்கும் இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், என்னைப் போல் பல்லைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

பயாப்சி (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்றது. அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டேன்: நோய் இல்லையென்று டாக்டர் சொல்லும்வரை டுரியான் பழத்தைத் தொடமாட்டேன்.

கொடுப்பதற்கு அதைவிட ஆசையான பொருள் என்னிடம் இல்லை. பருவம் வந்தால் நானும் மனைவியும் நியாலாஸ் போகும் சாலையோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நின்றபடியே தின்போம். எனக்குக் கசப்பு வகை, அவளுக்கு இனிப்பு. “ஒரு சொள தின்னு பாருங்களேன்” என்பாள். சின்னப்பிள்ளைப் பழம் என்று கேலி செய்து தள்ளிவிடுவேன். அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு (மிச்சமுள்ள புற்றணுக்களைக் கதிரால் அழிப்பது). மூன்றாம் வாரம் உமிழ்நீர் வற்றியது, ருசி போனது. ரசம் துருத் தண்ணீராக இருந்தது. இட்லி மண்ணாக வாயில் நின்றது.

மகள் ஜொகூரில் வேலை செய்கிறாள். தினமும் மாலையில் கூப்பிடுவாள்.

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

“ரசம் சோறு சாப்பிட்டேம்மா.”

பொய். சோற்றைக் கொட்டிப் பானையைக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசுவேன். பாயா ரும்புட்டில் நான் தனியாக இருக்கும் வீட்டில் அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை.

டாக்டர் கண்டுபிடித்தார், எடைபார்க்கும் கருவியில். “அங்கிள், இன்னும் மூணு கிலோ கொறஞ்சா வயித்துல டியூப் வைக்கணும். வழுவழுன்னு எது எறங்குதோ அதச் சாப்பிடுங்க.”

வரும் வழியில் பாச்சாங்கில் ஒரு சீன இனிப்புக் கடை. இத்தனை வருடம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், ஏறியதில்லை. அடுத்த மேசைக்காரர் கிண்ணத்தைக் காட்டி அதையே கேட்டேன். கறுப்பு எள்ளை அரைத்துக் காய்ச்சிய கூழ், பார்க்கத் தார் மாதிரி. ருசி பாதிகூடத் தெரியவில்லை. ஆனால் அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்றும் என் நாக்குக்குத் தெரியாது. அதனால் ஏமாற்றமில்லை. கிண்ணம் காலியானது.

அதன்பின் தெரியாததை மட்டுமே தேடினேன். ஜெல்லி மாதிரிப் பாதாம் கட்டி, சேனைக்கிழங்குக் களி. பசாரில் பழம் விற்கும் பாய் எனக்காக எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, இது அபியு. புளிப்பே இல்லலா, வாய் எரியாது.”

மஞ்சள் தோல், உள்ளே ஜெல்லி போன்ற வெள்ளைச் சதை. வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுவாரம் டுரியான் பெலந்தாவை, அதாவது முள்சீத்தாவை, நீட்டினார். பெயரிலேயே டுரியான் இருக்கிறது, வேண்டாம் என்றேன்.

“அது வேற, இது வேறலா அண்ணே.”

“அம்மனுக்கு யாரு போய் வெளக்கஞ் சொல்றது, பாய்?”

எடை நின்றது. டியூப் வைக்காமல் தப்பினேன். ஆனால் புதிதாக ஒன்றைத் தின்றால் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது புண்ணைவிட அதிகம் வலித்தது. காலண்டர் தாளில் தின்றவற்றின் பெயர்களை எழுதி வைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்னார்: “இப்ப நோய் இல்ல, அங்கிள்.”

கோயிலுக்குப் போய்விட்டு, நியாலாஸ் சாலைக்கு மோட்டாரை விட்டேன். கடைக்காரர் கத்தியோடு கேட்டார், கசப்பா, இனிப்பா? கசப்பு என்று வாய்வரை வந்தது. அந்த ருசி எனக்கு அணு அணுவாக ஞாபகம் இருக்கிறது. இந்த நாக்கால் அதைத் தின்றால் அந்த ஞாபகமும் போய்விடும் என்று பயந்தேன்.

“இனிப்பு,” என்றேன்.

நின்றபடியே தின்றேன். அழுதேன். என் வயது அறுபது, நாக்கின் வயது ஒன்றரை. மாலையில் மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

“ஒங்கம்மா பழம் சாப்பிட்டேன்.”

“எப்படிப்பா இருந்துச்சு?”

“தெரியலம்மா. இன்னொரு சொள தின்னு பாக்கணும்.”