ஐந்தாம் சுற்றில் என் பேரன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நான்கு. ஐந்தாவது தங்கையின் மகன், தாயை இழந்து என்னிடம் வந்தவன். ஆறாவது என் இளைய மகளின் மகன். மகளும் மருமகனும் ஆளுக்கு இரண்டு வேலை என்று ஓடித் திரிந்த காலத்தில், ஒன்பது வயது வரைக்கும் அவனை இங்கே நோர்வேயில், குரோருட்டில் நான்தான் வைத்திருந்தேன். பிறகு அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஆறு பேரும் தலை நிமிர்ந்து இருக்கிறார்கள். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எழுத அதைவிட நேரம் பிடிக்கும். ஆனபடியால் ஆறுதலாகவே சொல்கிறேன்.

அந்த ஆறாவது இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். படிப்போடு பந்தும் விளையாடுகிறான். நாங்கள் அறிந்த கால்பந்து இல்லை. நீள்முட்டை போல ஒரு பந்து, தலையில் கவசம், தோளில் தலையணை வைத்துத் தைத்தது போல ஒரு சட்டை. ஆளை ஆள் இடித்து விழுத்துவார்கள். என் பேரன் இடிபடுகிறவன் இல்லை. பந்தை உதைப்பதற்கு மட்டும் களத்துக்குள் வருவான். இரண்டு கம்பங்களுக்கு நடுவால் உதைத்துவிட்டு வெளியே போய்விடுவான். ஒரு ஆட்டத்தில் மூன்று நான்கு தரம்தான் அவனுக்கு வேலை. அந்த மூன்று நான்கு தரத்தையும் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். என் மூத்த மகளின் மகள், "சரியாப் போட்டுது அம்மம்மா, வாங்கோ" என்று கூப்பிட்ட பிறகுதான் வெளியே வருவேன்.

நான் இருப்பது வெஸ்ட்லியில், மூத்த மகளின் வீட்டில். இந்தப் பேத்தி தன் தம்பிக்காக அந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கி, இப்போது அதில் அவளுக்குத் தெரியாதது இல்லை. சின்னம்மாவின் மகன் என்றாலும் அவளுக்கு அவன் கூடப்பிறந்த தம்பிதான்.

பல்கலைக்கழகத்தில் விளையாடி முடிக்கிற பிள்ளைகளைப் பெரிய அணிகள் சித்திரை மாதத்தில் தெரிவு செய்யும். முப்பத்திரண்டு அணி, ஏழு சுற்று. அந்த நாளுக்கு முன் இந்த விளையாட்டுப் பைத்தியங்கள் வீட்டில் கூடி, தாங்களே அணிகள் போல இருந்து, எந்த அணி எவரை எடுக்கும் என்று ஒரு பொய்த்தெரிவு நடத்துவார்கள். அதற்கு மொக் டிராஃப்ட் என்று பெயர். மூன்று வருடமாக அது எங்கள் வரவேற்பறையில் நடக்கிறது. முதல் இரண்டு வருடமும் நான் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்ததோடு சரி. இந்த வருடம் தெரிவுக்குப் போகிறவர்களில் என் பேரனும் ஒருவன்.

அன்று சனிக்கிழமை. கீழே குடியிருப்புக்காரர் எல்லோரும் சேர்ந்து, குளிர்காலத்தில் பனிக்குப் போட்ட சரளைக்கல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலே எட்டுப் பேர் வந்து இருந்தார்கள், ஆளுக்கு நான்கு அணி. மேசை முழுவதும் துண்டுக் கடதாசி, துண்டுக்கு ஒரு பெயர். எல்லாம் இங்கிலீசு. ஒரு துண்டில் மட்டும் பேத்தி தமிழில் எழுதியிருந்தாள், நான் கண்டுபிடிக்கட்டும் என்று. எடுபடுகிற பெயரைச் சுவரில் ஒட்டுவார்கள்.

பேத்தியோடு வேலை செய்கிற ஒரு பிள்ளை, தமிழ்நாட்டுக்காரன், எனக்குப் பக்கத்தில் இருந்தான். என்னைப் பாட்டி என்பான். எங்கள் வீட்டில் யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் அவன் வாயில் அது நன்றாகத்தான் இருக்கிறது.

"நம்ம ஊர்ல கிரிக்கெட்டுக்கு ஏலம் விடுவாங்கல்ல பாட்டி, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனா இங்க காசு கூப்பிட மாட்டாங்க. போன வருஷம் ரொம்பத் தோத்த டீம்தான் முதல்ல ஆள் எடுக்கும்."

"தோத்தவைக்கே முதல் பங்கு?"

"ஆமா."

"அப்ப வெண்டவை?"

"கடைசில வந்து மிச்சத்தை எடுத்துக்கணும்."

"நல்ல நியாயம்தான்" என்றேன்.

பேத்தி எழுந்து நின்று நோர்வேஜிய மொழியில் விதிகளைச் சொன்னாள். கடைசியில் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "சொந்தம் எண்டு ஆரையும் எடுக்கக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான்."

"என்னை ஏன் பாக்கிறாய்? எனக்கு ஒரு டீமும் தரேல்லையே நீ."

"உங்கட ரோல்ஸ் தட்டு எந்தப் பக்கம் கூடப் போகுதெண்டு நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன் அம்மம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்களில் மொழி விளங்காத ஒரு நோர்வேக்காரப் பெடியனும் சிரித்தான்.

நான்கு சுற்று முடிந்தது. சுவர் நிறைந்துகொண்டு வந்தது. தமிழ் எழுத்து மேசையிலேயே கிடந்தது. உதைக்கிறவர்களை எடுக்க அணிகளுக்கு அவசரம் இல்லையாம். எவரும் எடுக்காமல் விட்டவர்களைப் பிறகு சும்மாவே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருப்பார்களாம். எடுபடாதவனுக்கும் வழி இருக்கிறது என்று பேத்தி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். வழி இருக்கலாம். ஆனால் மூன்று நாள் தொலைக்காட்சிக்கு முன் இருந்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டு, தன் பெயர் வராமல் எழும்பிப் போவதை அந்தப் பிள்ளை எப்படித் தாங்கும்?

ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பிள்ளை எழுந்து போய், தமிழ்த் துண்டை எடுத்துச் சுவரில் ஒட்டினான்.

"காரணம் சொல்லோணும்" என்றாள் பேத்தி.

"என் டீம்ல உதைக்கிறவருக்கு வயசாயிடுச்சு. ஆள் வேணும்."

நான் அவனைக் குசினிக்குள் கூப்பிட்டேன். "தம்பி, உண்மையைச் சொல்லும். உம்மட டீமுக்கு ஆள் வேணுமெண்டோ, என்ர ரோல்ஸுக்காகவோ?"

அவன் தட்டிலிருந்து இன்னொரு ரோல்ஸை எடுத்தான். "பாதி டீமுக்கு, பாதி ரோல்ஸுக்கு பாட்டி."

எல்லோரும் போன பிறகு பேத்தியிடம் கேட்டேன், அவள் எந்தச் சுற்றில் எடுத்திருப்பாள் என்று.

"எடுத்திருக்க மாட்டன் அம்மம்மா. ஏழு சுற்றிலையும்."

"உன்ர தம்பியை?"

"தம்பி எண்டபடியால்தான் சரியாச் சொல்லோணும். நான் புளுகினால் அவன் கண்டுபிடிச்சிடுவான்."

எனக்கு அவளோடு கோபம். இரண்டு நாள் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை, தானே போட்டுக் குடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பேரனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்தேன். அவன் எடுபட வேண்டும் என்று கண்ணை மூடிக் கேட்டேன். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு அக்கா, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருடைய பேத்திக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. நான் கேட்க மூன்றாவது வெள்ளிக்கிழமையாக அதைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, பருப்பைக் குழைத்தபடியே என்னிடம் கேட்டார்.

"உங்கட பேரன் இன்னும் பந்துதான் அடிச்சுக்கொண்டிருக்கிறாரோ?"

"அவர் எடுபட்டிட்டார்" என்றேன். "அஞ்சாம் சுற்றிலை."

எதில் எடுபட்டான், எவர் எடுத்தார்கள், ஐந்தாம் சுற்று என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. எடுபட்டான் என்ற சொல்லே எங்கள் சனத்துக்குப் போதும். சோதனையோ, வேலையோ, எதுவோ. நாலு பக்கத்தாலும் கை நீண்டு வந்து என் கையைப் பிடித்தது. ஒருத்தி கோயில் குழுவுக்குச் செய்தி போடக் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டாள். அந்த அக்காவே, "சந்தோசம், நல்லா வரட்டும்" என்று சொன்னார். நான் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அது எங்கள் வரவேற்பறைச் சுவரில் நடந்த தெரிவு என்று சொல்ல ஒரு வசனம் போதும். அந்த வசனம் வாய்க்குள் வந்தது, சோற்றோடு விழுங்கினேன்.

திரும்பி வர ரயிலில் இருக்கும்போதுதான் பயம் பிடித்தது. சாமியிடம் இதைத் தா என்று கேட்ட கையோடு, தந்துவிட்டார் என்று வெளியே வந்து சொல்லியிருக்கிறேன். கிடைக்காததைக் கிடைத்தது என்று சொன்ன என் வாயே அவனுக்குக் கண்ணூறாகிவிடுமோ என்று நினைத்தேன். வெஸ்ட்லி கடைசி நிலையம். எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இருந்தபடியே இருந்தேன். துப்புரவுக்கு வந்த பெண், உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் பின்னேரம் கனடாவிலிருந்து மகள் எடுத்தாள். அங்கே அப்போது காலை.

"அம்மா, என்ர பெடியன் எடுபட்டிட்டான் எண்டு ஆர் சொன்னது?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"லண்டனிலையிருந்து பூப்படம் போட்டு வாழ்த்து வருது. எனக்கு மட்டுமில்லை, அவனுக்கும் வந்திட்டுது. வியாழக்கிழமைதான் தெரிவே தொடங்குது. அவன் ஒருத்தருக்கும் மூச்சு விட வேண்டாம் எண்டெல்லோ கேட்டவன்?"

"நான்தான் சொன்னனான்" என்றேன்.

அவள் சொன்னாள்: "இனி எடுபடாட்டி, கிடைச்சது பறிபோட்டுதெண்டு சனம் கதைக்கும். இல்லாட்டி தாயும் பிள்ளையும் புளுகினவை எண்டும். நீங்கள் சொல்ல முதல் எண்டால், எடுபடாட்டி எடுபடேல்லை, அவ்வளவுதான். நீங்கள் அதைப் பெரிசாக்கிப்போட்டியள் அம்மா. அவன் நேற்றிலையிருந்து சரியாச் சாப்பிடேல்லை."

அவன் சாப்பிடவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மற்றதை எல்லாம் தாங்கலாம்.

பேத்திக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. "கோயில் குழுவிலை நான் எழுதிவிடட்டோ? அம்மம்மாவுக்குப் பிழையா விளங்கிப்போச்சு எண்டு?"

"எனக்குப் பிழையா விளங்கேல்லை" என்றேன். "விளங்கித்தான் சொன்னனான். எழுத வேண்டாம், நானே கதைக்கிறன்."

குரலில் அனுப்பலாம் என்று அவள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டாள். முதல் தரம் நான் தொண்டையைக் கனைத்ததோடு நின்றுவிட்டது. இரண்டாம் தரம் கோயில் சாப்பாட்டைப் புகழத் தொடங்கிவிட்டேன். மூன்றாம் தரம் அழுகை வந்தது, அதை அழிக்கச் சொன்னேன். நான்காம் தரம் இப்படிச் சொன்னேன்: "நான் வெள்ளிக்கிழமை சொன்னது உண்மையில்லை. என்ர பேரன் இன்னும் எடுபடேல்லை. அது எங்கட வீட்டிலை பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்த தெரிவு. அது எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லிப்போட்டன். அவனோ தாயோ ஒண்டும் சொல்லேல்லை. தயவுசெய்து அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் வாழ்த்து அனுப்ப வேண்டாம்."

அனுப்பிய பிறகு கதிரையில் இருந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவருக்கும் முன் அந்த அக்காவின் குரல்தான் வந்தது. "பேரப்பிள்ளை எண்டால் அப்பிடித்தான். என்ர பேத்திக்கும் முதல் தரம் இடம் கிடைக்கேல்லை, நான் அதை உங்களுக்கு ஒருத்தருக்கும் சொல்லேல்லையே." அதைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்தேன் என்று சொல்ல முடியாது. இனி அவருக்கு முன் நான் எப்படி இருப்பேன் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேரனோடு கதைத்தேன்.

"சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மம்மா."

"என்ன சாப்பிட்டனி?"

"சும்மா, இரண்டு துண்டு பாண்." உடனே அவனே கேட்டான்: "உங்கட வீட்டுத் தெரிவிலை என்னை ஆர் எடுத்தது?"

"அக்காவோடை வேலை செய்யிற ஒரு தம்பி. பாதி ரோல்ஸுக்காக."

அவன் மூக்கால் சிரித்தது கேட்டது. பிறகு கேட்டான்: "அக்கா?"

இதற்குத்தான் நான் பயந்திருந்தேன். புளுகலாம். தெரிவு முடியும் வரைக்கும் அவன் நிம்மதியாக இருப்பான். பேத்தி எனக்கு எதிரில் இருந்து என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா எடுக்கேல்லை" என்றேன். "ஏழு சுற்றிலையும் எடுத்திருக்க மாட்டாவாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கிறா" என்றான் அவன். அவன் குரலை என்னால் அளந்து பார்க்க முடியவில்லை. "நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். ஆனா ஒவ்வொரு நாளும் உதைக்கிறன் அம்மம்மா. இண்டைக்கும் போறன்."

"போ ராசா."

"அம்மம்மா, ஒண்டு கேக்கிறன். சனிக்கிழமை முடியும்வரைக்கும் இதைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ. சாமியோடையும் சத்தமாக் கதைக்காதேங்கோ."

சத்தியம் பண்ணினேன்.

இன்று புதன்கிழமை. வாயைத் திறந்தால் இதுதான் வரும் என்று மூன்று நாளாக ஒன்றுமே கதைக்கவில்லை. மூத்த மகள் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கீழ்மாடித் துருக்கிக்காரி வணக்கம் சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். கதைக்க வேண்டாம் என்றுதான் அவன் சொன்னான், எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். எழுதினால் கை வேலையாக இருக்கும், நெஞ்சு கொஞ்சம் சும்மா இருக்கும் என்று நினைத்தேன். கை நோகிறது. நெஞ்சு அப்படியேதான் இருக்கிறது. நாளைக்குத் தெரிவு தொடங்கும். பேத்திக்குச் சொல்ல வேண்டியதையும் எழுதியே காட்டுகிறேன்.

பிள்ளை, இஞ்சை வா. இதிலை இரு. மெல்லமா, முதலிலையிருந்து வாசி. எங்கையெண்டாலும் நடந்ததுக்கு மேலை நான் அவனைத் தூக்கி வைச்சு எழுதியிருந்தால் அந்த இடத்திலை நிப்பாட்டு, வெட்டிப்போடுவம்.